செல்போனில் ஒரு பள்ளிக்கூடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆப்கானிஸ்தானில் பெண் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகக் கூடாதாம். செல்போனிலேயே படித்துவிடலாமே, அங்கே அது நடக்கிறதா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

நடக்கிறது. நாம் நினைப்பதைவிடப் பிடிவாதமாகவே நடக்கிறது.

2001-ல் அந்த நாட்டில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் சுமார் 10 லட்சம் பேர்தான், அதில் பெண் பிள்ளைகள் இல்லை என்றே சொல்லிவிடலாம். போர் ஓயாத அடுத்த 20 ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஒரு கோடியை எட்டியது, உயர்கல்விக்குப் போன பெண்கள் 5,000-லிருந்து சுமார் ஒரு லட்சம் ஆனார்கள். 2021 ஆகஸ்ட்டில் தாலிபான்கள் காபூலைப் பிடித்தார்கள். 2022 மார்ச்சில் பள்ளி திறக்கப்போகிறது என்று சொல்லி, ஆசையாகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளை அன்றைக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடிவிட்டது.

அப்புறம்தான் இணையம் பெரிய துணையானது. அமெரிக்காவில் இருந்து நடக்கும் 'யுனிவர்சிட்டி ஆஃப் த பீப்பிள்' ஆப்கன் பெண்களுக்கு உதவித்தொகை தந்து பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்கிறது. அங்கே வீடியோவில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த வாரத்துப் பாடத்தை வாசித்து, சக மாணவர்களோடு எழுத்திலேயே விவாதித்து, கட்டுரையை அனுப்பினால் போதும். சிக்னல் திணறும் ஊரில், கரண்ட் எப்போது வரும் என்றே தெரியாத வீட்டில், நடு ராத்திரியில் கூடப் படிக்கலாம். முகத்தைக் காட்ட வேண்டாம், குரல் வெளியே கேட்காது. அந்தப் பெண்களுக்கு இதுதான் பெரிய பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: சரி, இணையத்தையே நிறுத்திவிட்டால்?
- ஒரு வாசகர், ஓசூர்

நிறுத்தியே காட்டிவிட்டார்கள். 2025 செப்டம்பர் நடுவில் பால்க் மாகாணத்தில் ஃபைபர் இணையத்தைத் துண்டித்தார்கள், ஒழுக்கக்கேட்டைத் தடுக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். மாதக் கடைசியில், 29-ஆம் தேதி, நாடு முழுவதும் இணையமும் செல்போனும் போய்விட்டன. விமானங்கள் ரத்தாகின, வங்கி வேலை முடங்கியது. இரண்டு நாள் கழித்துத்தான் திரும்ப வந்தது. பாதி வகுப்பில் இருந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால்தான் இணையம் ஒன்றையே நம்பியிருக்கும் திட்டங்கள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. பேகம் டிவியைப் பாருங்கள். 2024-ல் ஆரம்பித்தது, பாரிஸில் இருந்து செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பாகிறது, ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்குமான பாடத்தை தாரி, பஷ்தோ இரண்டு மொழியிலும் நடத்துகிறது. அதே பாடங்களை இணையத்திலும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். நெட் இருந்தால் அதில் பார்க்கலாம், இல்லையென்றால் வீட்டு மாடியில் டிஷ் இருந்தால் போதும். அவர்களுடைய வானொலி காபூலிலேயே இருந்தது, 2025 பிப்ரவரியில் உள்ளே புகுந்து சோதனை போட்டு நிறுத்திவிட்டார்கள், சில வாரங்களில் மறுபடி அனுமதி கிடைத்தது. நாட்டுக்குள்ளே இருப்பதை எந்த நேரமும் பூட்டலாம் என்பதால் வெளியே இருந்து வரும் வழியும் வேண்டும், டவுன்லோட் செய்து மெமரி கார்டில் கை மாற்றிக்கொள்கிற வழியும் வேண்டும்.

கேள்வி: இப்படிப் படித்து வாங்கும் பட்டத்தால் என்ன பிரயோஜனம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

கம்ப்யூட்டர், மொழிபெயர்ப்பு, கணக்கு மாதிரியான வேலையை வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்குச் செய்து தரலாம். சம்பளப் பணம் உள்ளே வந்து சேருவதுதான் பெரும்பாடு, அந்த நாட்டு வங்கிகளோடு வெளி உலகத்துக்கு ஒழுங்கான தொடர்பு கிடையாது. வேறு நாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கவும் அந்தப் பட்டம் உதவும்.

ஆனால் எல்லாப் படிப்பும் திரையில் அடங்காது. 2024 டிசம்பரில் நர்ஸ் படிப்பையும் மருத்துவச்சிப் படிப்பையும் கூடப் பெண்களுக்கு நிறுத்திவிட்டார்கள். ஆண் டாக்டரிடம் போகவே பல பெண்களுக்கு அனுமதி இல்லாத ஊர் அது. குழந்தை குறுக்கே திரும்பியிருப்பதை வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க எத்தனை வீடியோ பார்த்தாலும் வராது, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துச் சொல்லித் தர வேண்டும். இந்த ஒரு தடையையாவது முதலில் எடுக்கச் சொல்லி உலக நாடுகள் விடாமல் நெருக்க வேண்டும்.