வெடித்த ராக்கெட்டும் கைதட்டிய ஊழியர்களும்

கேள்வி: 2023 ஏப்ரல் 20 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட் நடுவானில் சிதறியபோது, அந்நிறுவன ஊழியர்கள் கைதட்டி ஆரவாரம் செய்ததை நேரலையில் பார்த்தேன். அந்தக் காட்சி இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. அரசு அமைப்புகளின் ராக்கெட் தோற்றால் விஞ்ஞானிகள் கண்கலங்குகிறார்கள். தனியார் ராக்கெட் தோற்றால் கூத்தடிக்கிறார்கள். வெடித்த நொடியிலேயே ஒளிபரப்பை நிறுத்தியிருப்பதுதானே நாகரிகம்? தோல்வியை விளம்பரமாக்கும் இந்த உத்திக்கு உங்கள் இதழும் முழுப்பக்கப் படம் வெளியிட்டுத் துணைபோனது ஏன்?

பதில்: ‘கூத்து’ என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தியிருப்பதால் கைதட்டலிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஒளிபரப்பை நானும் தொடக்கம் முதல் பார்த்தேன். ஏறத்தாழ 120 மீட்டர் உயரமுள்ள அந்தக் கலம் ஏவுதளக் கோபுரத்தைக் கடந்து மேலேறியபோதுதான் பேராரவாரம் எழுந்தது. சிதறியபோது கேட்டது அதன் மிச்சம். அதில் மனிதர் எவரும் இல்லை, வாடிக்கையாளர் எவருடைய செயற்கைக்கோளும் இல்லை. அப்படியொரு கலம் முழு உருவில் தரையைவிட்டு எழுந்ததே அதுதான் முதல் முறை. அதைக் கட்டியவர்கள், அது எழுந்ததற்காக மகிழ்ந்தார்கள். எழவு வீட்டில் மேளம் அடித்ததைப் போல நீங்கள் பதறுகிறீர்கள். அங்கே எழவு எதுவும் விழவில்லை.

கண்கலங்குவதும் விடை ஆகாது. 1979 ஆகஸ்டில் இஸ்ரோவின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்த பிறகு அதன் தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பேற்றுக்கொண்டதை அப்துல் கலாம் பலமுறை சொல்லியிருக்கிறார். உங்களுக்கும் அது தெரியும் என்பதால் திரும்பச் சொல்லவில்லை. தலைவர் பொறுப்பேற்பது ஒரு பண்பு. ஆனால் ராக்கெட் ஏன் விழுந்தது என்பதைக் கண்ணீரும் சொல்லாது, கைதட்டலும் சொல்லாது.

எனக்கு அந்த ஒளிபரப்பில் உறுத்தியது வேறு. புறப்படும்போதே 33 எஞ்சின்களில் மூன்று இயங்கவில்லை. வழியில் மேலும் சில நின்றன. 39 கிலோமீட்டர் உயரம்வரை போன கலம் கட்டுப்பாட்டை இழந்து, வானத்தில் கரணம் போடத் தொடங்கியது. இப்படி நேர்ந்தால், கலம் மக்கள் வாழும் பக்கம் திரும்பிவிடாமல் இருப்பதற்காக, அதிலேயே பொருத்தியிருக்கும் வெடிகள் தொட்டிகளைப் பிளந்து கலத்தை உடனே அழித்துவிட வேண்டும். வெடிகள் வெடித்தன, தொட்டிகளின் பக்கவாட்டிலிருந்து வெண்புகை பீறிட்டது படத்தில் தெரிந்தது. ஆனால் கலம் அழியவில்லை. ஏறத்தாழ 40 விநாடிகள், ஓட்டை விழுந்த தொட்டிகளோடு, அது சுழன்றுகொண்டே இருந்தது. கடைசிப் பாதுகாப்பு என்று சொல்லி உரிமம் பெற்ற ஏற்பாடு, உரிய நேரத்தில் வேலை செய்யவில்லை என்பது இதன் பொருள். அன்றைய நிகழ்வில் அச்சப்பட வேண்டிய செய்தி இதுதான். நீங்கள் கைதட்டலைக் கேட்டு வருந்திக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் கண்ணெதிரே அது நடந்தது. ஒளிபரப்பை நிறுத்தியிருந்தால், அதைப் பார்த்துக்கொண்டிருந்த நம்மில் ஒருவரும் கடிகாரத்தைப் பார்த்து அந்த விநாடிகளை எண்ணியிருக்க முடியாது.

நிறுத்திப் பார்த்ததும் உண்டு. இதே நிறுவனம் தன் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1-ஐ மார்ஷல் தீவுகளின் குவாஜலைன் பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ஒமெலெக் என்னும் சிறு தீவிலிருந்து ஏவியது. 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் நடந்த மூன்றாவது ஏவுதலின்போது, முதல் நிலை, அதாவது வேலை முடிந்ததும் கழன்று விழும் ராக்கெட்டின் அடிப்பகுதி, பிரிய வேண்டிய தறுவாயில் படம் நின்றது. ஏதோ கோளாறு என்ற ஓர் அறிவிப்போடு ஒளிபரப்பு முடிந்தது. நீங்கள் கேட்கும் நாகரிகம் அன்று முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. விளைவு என்ன? அந்த ராக்கெட்டில் அமெரிக்க அரசின் சிறு செயற்கைக்கோள்கள் இருந்தன. விண்வெளி வீரர் கோர்டன் கூப்பர் உள்ளிட்ட இருநூறுக்கும் மேற்பட்டோரின் அஸ்தியில் ஒரு பகுதியும் இருந்தது. அவர்களின் உறவினர்களுக்குக் கிடைத்தது வெற்றுத் திரையும் ஊகங்களும்தான். பிறகு நிறுவனமே காரணத்தை வெளியிட்டு, மறைத்த காட்சியையும் காட்டியபோது, அதில் ஒளிக்க வேண்டியது எதுவுமே இல்லை என்பது தெரிந்தது.

அந்தக் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்வதில் தவறில்லை. எஞ்சினை நிறுத்திய பிறகும் அதனுள் எஞ்சியிருந்த எரிபொருள் சிறிது நேரம் மெல்லிய உந்துவிசையைத் தந்தது. அந்த எஞ்சின் புது வகை. தன் எரிபொருளையே குழாய்கள் வழியாக ஓடவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது. எஞ்சிய அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டுதான். தரையில் நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 15 பவுண்டு என்பதால், சோதனைக் கூடத்தில் அந்த உந்துதல் தலைகாட்டவில்லை. காற்றே இல்லாத உயரத்தில் தலைகாட்டியது. கழன்று விலக வேண்டிய முதல் நிலை, அந்த மெல்லிய உந்துதலால் முன்னேறி, இரண்டாம் நிலையைப் பின்னாலிருந்து முட்டியது. எஞ்சினை நிறுத்துவதற்கும் நிலையைக் கழற்றுவதற்கும் இடைப்பட்ட நேரத்தைச் சில விநாடிகள் கூட்டினார்கள். இரண்டு மாதத்துக்குள், செப்டம்பர் 28 அன்று, அதே வகை ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது. அதில் இருந்த சுமை, செயற்கைக்கோளுக்குப் பதிலாக வைத்த, 165 கிலோ எடையுள்ள ஓர் உலோகப் பொம்மை.

உடனடியாகக் காரணம் கேட்பதிலும் ஆபத்து இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஃபால்கன் 1-இன் முதல் ஏவுதல், 2006 மார்ச் 24 அன்று, அரை நிமிடம் தாண்டியதுமே தோற்றது. அமெரிக்க விமானப்படைக் கல்லூரி மாணவர்கள் செய்த செயற்கைக்கோள், ராக்கெட்டிலிருந்து தெறித்து அதே தீவிலிருந்த ஒரு கொட்டகையின் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. எரிபொருள் கசிந்து தீப்பற்றியதற்கு, முந்தைய நாள் குழாய் இணைப்பைக் கையாண்ட பணியாளரின் பிழையே காரணம் என்று முதலில் பழி சுமத்தப்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது, அலுமினிய நட்டு ஒன்று கடலோர உப்புக்காற்றில் அரித்து விரிசல் கண்டிருந்தது தெரியவந்தது. உப்புக்காற்றுக்கு நடுவே அலுமினிய நட்டைப் போட முடிவெடுத்தவர் அந்தப் பணியாளர் அல்லர். கைதட்டலைவிட இந்தப் பழிதான் எனக்கு அநாகரிகமாகத் தோன்றுகிறது.

இனி, ஒளிபரப்பு திறந்திருந்தாலே நிறுவனம் நேர்மையானது என்று வாதிடும் இரசிகர்களுக்கும் ஒரு சொல். ஸ்டார்ஷிப் விபத்தின் விசாரணையை நடத்தியது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனமேதான். அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதை மேற்பார்வையிட்டது. அந்நாட்டு விதிமுறை அப்படி. 2023 செப்டம்பர் 8 அன்று விசாரணை முடிந்து, 63 திருத்தங்கள் செய்யப்பட வேண்டும் என அறிவிக்கப்பட்டது. தானே அழியும் ஏற்பாட்டைச் சீர்செய்வதும் அந்தத் திருத்தங்களில் இருந்தது. முழு அறிக்கையோ வெளியிடப்படவில்லை. தொழில் இரகசியம், ஏற்றுமதிக் கட்டுப்பாடு ஆகியவை காரணம் எனச் சொல்லப்பட்டது. வெடிப்பைக் கோடிக்கணக்கானோர் எல்லாக் கோணங்களிலும் பார்க்கலாம். அதன் காரணத்தை எழுதிய தாளை ஒருவரும் பார்க்க முடியாது. நீங்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லும் அரசு அமைப்புகள் எப்போதும் இதைவிட மேல் என்று சொல்லமாட்டேன். ஆனால் 1986-இல் நாசாவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் 73-ஆம் விநாடியில் சிதறி ஏழு பேர் மாண்ட பிறகு, விசாரணை பொதுமக்கள் முன்னிலையில், தொலைக்காட்சிக் கேமராக்களின் எதிரில் நடந்தது. ஓடத்தின் உந்து ராக்கெட்டில் இணைப்பை அடைக்கும் இரப்பர் வளையத்தின் ஒரு துண்டைப் பனிக்கட்டி மிதந்த தண்ணீரில் முக்கி, குளிரில் அது மீள்தன்மையை இழப்பதை இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் காட்டியது அங்கேதான். அறிக்கை அதே ஆண்டு ஜூனில் எல்லாருக்கும் கிடைத்தது.

தனியார் நிறுவனம் தன் பணத்தைக் கொளுத்திக்கொள்கிறது, நமக்கென்ன என்ற பதிலும் செல்லாது. ஸ்டார்ஷிப்பின் நிலவிறங்கி வடிவத்துக்காக நாசா 2021-இல் 289 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அதைவிட முக்கியமானது, கீழே இருப்பவர்களின் கணக்கு. அந்த முதல் ஏவுதலுக்கு முன்பு, ஏவுதளத்தை உடைக்காமல் புறப்பட்டாலே போதும் என்று நிறுவனத் தலைவர் ஈலான் மஸ்க் சொல்லியிருந்தார். எஞ்சின்களின் வேகத்தில் ஏவுதளத்தின் கான்கிரீட் தரை பெயர்ந்து பெரும் பள்ளமானது. தூளான கான்கிரீட் பத்துக் கிலோமீட்டர் தொலைவுவரை படிந்தது. ஒரு ஏவுதலையாவது அந்தத் தரை தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 2025 ஜனவரி 16 அன்று ஏழாவது ஏவுதலில் ஸ்டார்ஷிப் சிதறியபோது, எரியும் துண்டுகள் கரீபியப் பகுதியின் டர்க்ஸ் கைகோஸ் தீவுகளுக்கு மேலே வரிசையாகப் பறந்தன. விமானங்கள் திசை மாறின அல்லது வானிலேயே காத்திருந்தன. கீழே ஒரு கார் சேதமடைந்தது. “வெற்றி உறுதியில்லை, வேடிக்கை உறுதி” என்று மஸ்க் அன்று எழுதினார். நீங்கள் கோபப்பட வேண்டியது இந்த வாக்கியத்தின் மீது. பார்ப்பவனுக்கு வேடிக்கையாக இருப்பது, சிதைவுகளின் பாதையில் எரிபொருளை எண்ணிக்கொண்டு வட்டமடித்த விமானிக்கு வேடிக்கை அல்ல.

‘திட்டமிடப்படாத விரைவுப் பிரிப்பு’ என்ற பொருளில் அவர்கள் பயன்படுத்தும் மூன்று சொல் தொடரும் இதே வகைதான். பொறியாளர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளப் பழைய காலத்திலிருந்து பயன்படுத்திவந்த கேலித்தொடர் அது. அதையே நிறுவனத்தின் முறையான அறிவிப்பில் எழுதும்போது, வெடித்தது என்ற வினைச்சொல் காணாமல் போகிறது. அதோடு, எது வெடித்தது, ஏன் என்று கேட்கும் வாயும் அடைபடுகிறது. 2024 மார்ச்சில் ஜப்பானின் ஸ்பேஸ் ஒன் நிறுவனத்தின் கைரோஸ் ராக்கெட் ஐந்தாவது விநாடியில் தன்னையே அழித்துக்கொண்டபோது, தோல்வி என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை என்றார் அதன் தலைவர். ஆனால் அவர்கள் ஏற்றிச்சென்றது ஜப்பானிய அரசின் செயற்கைக்கோள். அரசுக்கு அது தோல்விதான்.

கேலி செய்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1957 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் வேன்கார்ட் ராக்கெட் ஒரு மீட்டர் சொச்சம் எழுந்து அப்படியே உட்கார்ந்து எரிந்தபோது, சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கின் பெயரைத் திரித்துப் பத்திரிகைகள் விதவிதமாகப் பட்டப்பெயர் வைத்தன. தெறித்து விழுந்த குட்டிச் செயற்கைக்கோள் தரையில் கிடந்தபடியே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தது. அடுத்த மார்ச்சில் மேலே போன வேன்கார்ட் 1 இன்னமும் பூமியைச் சுற்றுகிறது. அதே காலத்தில் சோவியத் ஒன்றியம் வென்ற ஏவுதல்களை மட்டுமே அறிவித்தது; 1960 அக்டோபரில் பைக்கனூரில் ஏவுதளத்திலேயே ஓர் ஏவுகணை தீப்பற்றிப் பலர் கருகி இறந்ததை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒப்புக்கொள்ளவில்லை. கேலிக்கு அஞ்சி ஒளிபரப்பை நிறுத்தச் சொல்பவர்கள், எந்தப் பக்கம் போய் நிற்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எங்கள் இதழின் மீது நீங்கள் வைத்த குற்றச்சாட்டு. 2023 மே இதழில் வெடிப்பின் படத்தை முழுப்பக்கத்தில் வெளியிட்டோம், அதற்காக வருந்தவில்லை. அக்டோபர் இதழைப் புரட்டிப் பார்த்தேன். 63 திருத்தங்கள் பற்றிய செய்திக்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது, கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், ஆறே வரி. அந்த 40 விநாடிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. படத்தைக் கண்டித்து வந்த கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. ஆறு வரியைக் கண்டித்து இதுவரை எவரும் எழுதவில்லை.