தெற்கில அடிச்ச டீசலோட வடக்கை ஏறாதேங்கோ

தம்பி, வவுனியாவில ஏழு வருசம் டிப்பர் ஓடினனான், இப்ப கனடாவில பிரம்டனில நிண்டு பெரிய ட்ரக் ஓடுற ஏ.ஸெட் லைசன்ஸ் எடுத்திட்டன், மார்கழியில இருந்து வின்னிபெக் ஓட்டத்துக்குக் கூப்பிடுகினம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். மைலுக்கு எவ்வளவு கேக்கிறது, மனிசியைக் கூப்பிட எவ்வளவு காலம் செல்லும், குளிருக்கு ட்ரக் ஸ்ரார்ட் வராதெண்டு சொல்லுறது உண்மையோ, இரவு முழுக்க எஞ்சினை ஓடவிட வேணுமோ எண்டு நாலு கேள்வி. சம்பளம் கம்பனிக்குக் கம்பனி வேறை, நாலு பேரிட்டை விசாரியுங்கோ. மனிசியின்ர அலுவல் லோயரோட கதைக்கிற விசயம். நான் குளிரைப் பற்றித்தான் சொல்லுவன். அதைப் பற்றி எனக்கு அப்ப ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.

ட்ரக் விடிய ஸ்ரார்ட் வருமோ வராதோ எண்டது முதல்நாள் பின்னேரமே முடிவாகியிடும். நீங்கள் எங்க டீசல் அடிச்சனீங்கள், எங்க நிப்பாட்டினனீங்கள், படுக்க முதல் என்ன செய்தனீங்கள், அவ்வளவும்தான் கணக்கு. விடிய எழும்பித் திறப்பைத் திருப்பேக்க செய்யிறதுக்குப் பெரிசா ஒண்டும் மிஞ்சாது.

டீசலுக்குள்ள மெழுகு இருக்கு. எங்கட வீட்டில மார்கழி விடியப்புறத்தில தேங்காயெண்ணெய் போத்தலுக்க வெள்ளையா உறையிறதைப் பாத்திருப்பீங்கள், அதே கதைதான். முதல்ல எண்ணெய் கலங்கும், பிறகு மெழுகு துகள் துகளாத் திரண்டு ஃபில்ற்றரில போய் அடைக்கும். ராங்கியில எண்ணெய் நிறைய இருக்கும், எஞ்சினுக்கு ஒரு சொட்டும் போகாது. கனடாவில விண்டருக்கு விக்கிற டீசல் அந்தந்த இடத்துக் குளிருக்கு ஏத்தமாதிரிச் செய்து வாறது. அமெரிக்காவின்ர தெற்கில, ஜோர்ஜியாவிலயும் டெனசியிலயும் விக்கிற டீசலுக்கு அந்தத் தேவை இல்லை. அங்க மலிவெண்டு ரெண்டு ராங்கியையும் நிரப்பிக்கொண்டு சுப்பீரியர் ஏரிக்கு வடக்கால வின்னிபெக்குக்குப் போற றோட்டில ஏறினா என்ன நடக்கும் எண்டதை நான் பட்டு அறிஞ்சனான்.

நான் வந்தது 1994 ஐப்பசியில. கோப்பை கழுவி, ஃபக்ரறியில பெட்டி அடுக்கி, 1998இலதான் லைசன்ஸ் எடுத்தன். அடுத்த தை மாசம், ரொறன்ரோவில பனி அள்ளுறதுக்கு ஆமியைக் கூப்பிட்டாங்களே, அதே தை, டெனசியில இருந்து சாமான் ஏத்திக்கொண்டு வந்தன். என்னை ஓட்டத்துக்கு அனுப்பின முதலாளி, "அங்கயே நிரப்பிக்கொண்டு வா, இஞ்ச அடிக்காதை" எண்டு சொன்னவர். ரொறன்ரோவில ட்ரெயிலரை மாத்தின உடனை தண்டர் பேக்குப் போகச் சொன்னார். ராங்கியில பாதிக்கு மேல கிடந்தது. போனன்.

வாவா எண்ட ஊரைத் தாண்டி வைற் ரிவருக்கு இன்னும் முப்பது கிலோமீற்றர் இருக்கேக்க ஏத்தத்தில இழுவை குறையத் தொடங்கிச்சு. மிதிச்சு நிலத்தோட வைச்சிருக்கிறன், வேகம் தொண்ணூறில இருந்து அறுபது, முப்பது எண்டு விழுகுது. ஓரம் கட்டினன், அப்பிடியே நிண்டிட்டுது. இரவு பத்து மணி, வெளியில மைனஸ் 36. போன் இல்லை. காலில சப்பாத்து, ரொறன்ரோவில போடுற சாதாரண சப்பாத்து. கபினுக்குள்ள சூடு இறங்க அரை மணித்தியாலம் கூடச் செல்லேல்லை, கண்ணாடியின்ர உள்பக்கத்தில என்ர மூச்சே ஐஸாப் படிஞ்சுது.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு ட்ரக் பின்னால வந்து நிண்டது. தண்டர் பேக்காரர், ஃபின்லாந்துப் பரம்பரை, அறுபது வயசு இருக்கும். தண்டர் பேயில அந்தச் சனம் கனக்க இருக்கு, ரெண்டு மூண்டு தலைமுறையா. மனிசன் கேட்ட முதல் கேள்வி, "எங்க டீசல் அடிச்சாய்?" நான் சொன்னன். ஒண்டும் பேசேல்லை. தன்ர கபினுக்குள்ள என்னை ஏத்தி இருத்திப்போட்டு, புது ஃபில்ற்றரும் ஒரு கானும் எடுத்துக்கொண்டு இறங்கினார். கானைத் திறந்தவுடனை மணத்திலயே தெரிஞ்சிட்டுது, மண்ணெண்ணெய்.

தம்பி, உங்களுக்கு அந்தக் காலம் தெரிய வயசு காணாது. பொருளாதாரத் தடைக்குள்ள யாழ்ப்பாணம் ஓடினதே மண்ணெண்ணெயிலதான். மோட்டார்சைக்கிளுக்கு ஊசியால நாலு சொட்டுப் பெற்றோல் காபரேற்றருக்குள்ள அடிச்சு உதைச்சு, சூடானவுடனை மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. ஏ40 காருகள் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பேசன்றை ஏத்தி ஓடும். நான் சுன்னாகத்தில ஒரு கராச்சில எடுபிடியா நிண்டனான், அந்த மணம் என்ர உடுப்பில எப்பவும் இருக்கும், அம்மா பேசுவா. அந்த இரவு பதினேழாம் நம்பர் றோட்டில, மைனஸ் 36இல, அதே மணம். இறங்கிப்போய் ஃபில்ற்றரைக் கழட்ட நானும் கை குடுத்தன். கழட்டினதுக்குள்ள வெள்ளை மெழுகு கட்டியாக் கிடந்தது. புது ஃபில்ற்றருக்குள்ள மண்ணெண்ணெய் நிரப்பி, மிச்சத்தை ராங்கிக்குள்ள ஊத்தி, கையால பம்ப் பண்ணி, அரை நிமிசம் அடிக்கிறது, ரெண்டு நிமிசம் விடுறது எண்டு நாலு தரம். அஞ்சாம் தரம் வெள்ளைப் புகையோட பிடிச்சிட்டுது.

அதுக்குப் பிறகு என்னை அனுப்பினவர் பிந்திப் போனதுக்கு எண்டு ஒரு தொகையைச் சம்பளத்தில வெட்டினார். அவர் எங்கட ஆள்தான், ஊர்க்காரர். எனக்கு இண்டைக்கும் அந்தக் கோவம் போகேல்லை. எங்கட ஆக்களே புதுசா வந்தவனை அனுப்பி, "நீ உன்ர சொந்தக் கம்பனி மாதிரி" எண்டு எழுதி, இன்சூரன்சும் இல்லாமல், பென்சனும் கட்டாமல் ஓடவிடுறது இப்பவும் நடக்குது. அப்பிடி ஒரு கடுதாசியில கையெழுத்து வைக்கச் சொன்னா வைக்காதேங்கோ.

இந்தக் கதையைக் கேட்டிட்டு ராங்கிக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்தாதேங்கோ. அந்தக்கால எஞ்சின் வேறை. இப்பத்தையதுகள் ரெண்டாயிரம் பாருக்கு மேல அழுத்தத்தில டீசலை அடிக்குது, பம்புக்கும் இன்ஜெக்ரருக்கும் வழுவழுப்புக் குடுக்கிறதே அந்த டீசல்தான். அடுப்புக்கு விக்கிற மண்ணெண்ணெயில கந்தகம் கூட, புகைபோக்கியில இருக்கிற வடிகட்டியெல்லாம் நாசமாப் போகும். பெற்றோல் கலக்கவே கலக்காதேங்கோ. ட்ரக் ஸ்ரொப்பில வெள்ளைப் போத்தலும் சிவப்புப் போத்தலும் விக்கும். வெள்ளை, உறைய முதல் டீசல் அடிக்கேக்க ஊத்துறது. சிவப்பு, உறைஞ்ச பிறகு. உறைஞ்ச பிறகு வெள்ளையை ஊத்தி ஒரு பலனும் இல்லை. இதுகளை விட முக்கியம், தெற்கில இருந்து வரேக்க ராங்கியைக் காயவிட்டுக்கொண்டு வந்து, எல்லை கடந்து இஞ்சத்தை டீசலால நிரப்புறது. ஃபில்ற்றரும் அதைக் கழட்டுற சாவியும் எப்பவும் கபினுக்குள்ள இருக்கவேணும். தண்ணி பிரிக்கிற கிண்ணத்தை ஒவ்வொரு நாளும் திறந்து வடிய விடுங்கோ, தண்ணி ஐஸாகினாலும் அடைப்பு அடைப்புத்தான்.

நிப்பாட்டுற இடத்தில பிளக் இருந்தா, எஞ்சினைச் சூடா வைச்சிருக்கிற பிளொக் ஹீற்றரைக் குத்திப்போட்டுப் படுங்கோ. அது 1500 வாட்ஸ் இழுக்கும், வீட்டு லைற்றுக்குப் போடுற மெல்லிய வயர் உருகும், மொத்த வயர் வேணும். புறப்பட மூண்டு நாலு மணித்தியாலம் முதல் குத்தினாலும் காணும். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, காத்தை அமத்தி வாற சூட்டிலதான் எரியுது. உறைஞ்ச இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சினா என்னெண்டு பிடிக்கும்? பற்றரியும் மைனஸ் 18இல பாதிப் பலம்தான் குடுக்கும், அதே நேரம் எஞ்சின் ஒயில் தேன்மாதிரி இறுகி நிக்கும். 15டபிள்யூ-40 ஒயிலோட வடக்கை போகச் சொன்னா, 5டபிள்யூ-40 சிந்தற்றிக் போடச் சொல்லிக் கேளுங்கோ. கூலன்ற் பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 37 வரைக்கும் தாங்கும், வின்னிபெக் ஓட்டத்துக்கு அது மட்டுமட்டு. கூலன்ற் அறுபது, தண்ணி நாப்பது எண்டு கலந்தா மைனஸ் 52 வரை நிக்கும். ஆராவது ஈதர் ஸ்பிறே அடிச்சுப்பார் எண்டு சொன்னா கேக்காதேங்கோ. காத்து உள்ள போற வழியில ஹீற்றர் இருக்கிற எஞ்சினுக்கு அதை அடிச்சா வெடிக்கும்.

இரவு முழுக்க ஓடவிடுறதோ எண்டா, மைனஸ் 30க்குக் கீழ பிளக் இல்லாட்டி, ஓம், ஓடவிடத்தான் வேணும். ஆனா 600இல விடாதேங்கோ. அந்த மெல்லிய ஓட்டத்தில எஞ்சின் சூடேறாது, எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலுக்குள்ள இறங்கும். ஆயிரத்துக்கு மேல உயத்தி விடுங்கோ, கிறில்லுக்கு முன்மூடியைக் கட்டுங்கோ. கன ட்ரக்குகள் அஞ்சு நிமிசத்தில தானா நிக்கிறமாதிரி வைச்சிருக்கினம். கடும் குளிருக்கு அதை என்ன செய்யிறதெண்டு புறப்பட முதல் கம்பனியைக் கேளுங்கோ, நடுச்சாமத்தில கேட்டு வேலையில்லை. படுக்கைக்கு டீசல் ஹீற்றர் இருந்தா அதைப் போடுங்கோ, மணிக்குக் கால் லீற்றர் அளவுதான் குடிக்கும். காஸ் அடுப்பைக் கபினுக்குள்ள மூட்டிப்போட்டு நித்திரை கொள்ளாதேங்கோ, புகையே தெரியாமல் ஆளைக் கொல்லும்.

புகையைச் சுத்தமாக்க வேற ராங்கியில ஊத்துற டெஃப் தண்ணி மைனஸ் 11இல உறையும், உறையேக்க வீங்கும், அதால ராங்கியை விளிம்புவரை நிரப்பாதேங்கோ. அதுக்குள்ள ஹீற்றர் இருக்கு, எஞ்சின் சூடாகத் தானே இளகும், பயப்பிட வேண்டாம். பிரேக் ஈரமா இருக்கேக்க நிப்பாட்டினா விடிய டிரம்மோட ஒட்டிப்போய்க் கிடக்கும். யாட்டுக்குள்ள வர முதல் மெல்லமா நாலு தரம் பிரேக் பிடிச்சுக் காயவைச்சுக்கொண்டு வாங்கோ. காத்து ராங்கிகளையும் நாளுக்கு நாள் திறந்து ஈரத்தை வெளியில விடவேணும். விடிய முதல் ஒண்டு ரெண்டு கிலோமீற்றர் ரயர் கல்லுமேல ஓடுறமாதிரித் துள்ளும். நிண்ட பக்கம் தட்டையா இறுகினதுதான், ஓட ஓட வட்டத்துக்கு வரும். பிறகு டீசல் அடிக்கேக்க கையுறை. இஞ்சத்தை விண்டர் டீசல் மைனஸ் முப்பதிலயும் தண்ணிமாதிரித்தான் ஓடும், கையில பட்டா அந்தக் குளிர் தோலை எரிச்சுப்போடும். என்ர இடது சுட்டுவிரல் நுனியில இண்டைக்கும் சரியா உணர்ச்சியில்லை.

2017 ஆடியில இருந்து ஒன்ராறியோவில ஏ.ஸெட்டுக்கு 103.5 மணித்தியாலம் கட்டாயப் படிப்பு. நல்ல விசயம். ஆனா ஆனியில படிச்சவனுக்கு மைனஸ் 35இல ஃபில்ற்றர் மாத்திக் காட்டினது ஆர்? அதுதான் எனக்கு ஆத்திரம். எங்கட பழைய ட்ரைவர்மாரிலயும் கனபேர் "குளிரெண்டா ஒண்டுமில்லை, பழகிப்போகும்" எண்டு சொல்லிப்போட்டு விட்டிடுவினம். எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை. பழகினது உண்மைதான். இப்ப இறங்கி நாலு அடி நடந்தாக் காலுக்குக் கீழ பனி கிறீச்சிடுற சத்தத்திலயே எத்தினை பாகை எண்டு கிட்டத்தட்டச் சொல்லுவன், இருபத்தாறு விண்டர் ஓடியிருக்கிறன், அந்த ஒரு இரவைத் தவிர ட்ரக் நிண்டுபோய் றோட்டில கிடந்ததில்லை. ஆனா பழக்கம் தானா வரேல்லை, ஒரு மனிசன் நடுறோட்டில நிண்டு சொல்லித் தந்தவர்.

முதல் ஓட்டம் தெரிஞ்ச ஒராளோட போங்கோ. வாவாவிலயே நிரப்புங்கோ, அரை ராங்கி கிடந்தாலும். சாப்பாடு, தண்ணி, நல்ல பூட்ஸ், ஒரு நித்திரைப்பை, ரெண்டு நாளைக்குக் காணக்கூடிய அளவு கபினுக்குள்ள இருக்கட்டும். அந்தப் பக்கம் றோட்டைப் பூட்டினா சுத்திப்போக வழியில்லை. 2016 தை 10இல நிப்பிகன் பாலம் குளிருக்குள்ள அறுபது சென்ரிமீற்றர் மேல தூக்கினபோது கனடாவின்ர கிழக்கையும் மேற்கையும் நாட்டுக்குள்ளால இணைக்கிற றோட்டு அந்த ஒரு இடத்திலயே அறுந்துபோச்சு, நான் அந்தக் கரையில நிண்டனான். வாவா தாண்ட முதல் மனிசிக்குப் போன் எடுத்து, இனிக் கொஞ்சநேரம் எடுக்கமாட்டன் எண்டு சொல்லிப்போடுங்கோ. அங்கால கனதூரத்துக்குச் சிக்னல் இல்லை, அவ அங்க போனைப் பாத்துக்கொண்டு நித்திரை முழிச்சிருப்பா.