குட்டி லென்ஸ் தகடும் மலிவான மைக்ராஸ்கோப்பும்: கேள்வி பதில்

கேள்வி: சார், மைக்ராஸ்கோப்பில் ஒரே லென்ஸுக்குப் பதில் நூறு குட்டி லென்ஸ் பதித்த தகடு வைத்தால் படம் நூறு மடங்கு தெளிவாகுமா?

பதில்: ஆகாது. பலரும் முதலில் இடறுவது இங்கேதான். நுணுக்கம் எவ்வளவு தெரியும் என்பது, ஒவ்வொரு லென்ஸும் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. எண்ணிக்கை கூடினால் கூடுவது பரப்பு. ரத்தத்தில் ஒட்டுண்ணி தேடுபவருக்கு அதுவே பெரிய வரம். ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்க்கும் இடத்தை நூறு லென்ஸ்கள் பங்குபோட்டுப் பார்த்துவிடும்.

கேள்வி: படங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாதா?

பதில்: விழும். 10 மடங்கு பெரிதாக்கினால் படத்துக்கு 10 மடங்கு அகலம் வேண்டும். பக்கத்து லென்ஸ் அதற்கு இடம் தராது. அதனால் ஒவ்வொன்றும் தன் நடுவிலுள்ள சிறு வட்டத்தை மட்டும் பார்க்கும்படி தடுப்பு வைப்பார்கள். ஸ்லைடைத் துளித்துளியாக நகர்த்திப் பல படம் எடுத்துக் கணினியில் ஒட்டுவார்கள். நகர்த்த வேண்டியது ஒரு லென்ஸிலிருந்து அடுத்த லென்ஸ் வரைதான்.

கேள்வி: அண்ணா, கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு நாங்களே லென்ஸ் செய்யலாமா?

பதில்: தகட்டுக்கு முன், மணி போல உருண்ட ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் தொடங்குங்கள், தம்பி. கண்ணாடிக் குச்சியைச் சூடாக்கி இழையாக இழுத்து, நுனியைச் சுடரில் காட்டினால் தானாக உருண்டு மணியாகும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் லேவன்ஹுக் பாக்டீரியாவைக் கண்டது ஒற்றைக் குட்டி லென்ஸில்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு 2014-இல் வெளியிட்ட காகித மைக்ராஸ்கோப்பான ஃபோல்ட்ஸ்கோப்பிலும் இருப்பது ஒரு மணி லென்ஸ்.

1 மி.மீ. மணி ஏறக்குறைய 330 மடங்கு பெரிதாக்கும். ஆனால் பொருள் மணியிலிருந்து கால் மி.மீ. தள்ளித்தான் இருக்க வேண்டும். அதில் பொருளை மூடும் மெல்லிய கவர் கண்ணாடியே 0.17 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஒன்றிரண்டு தலைமுடித் தடிமன்! அங்கே பொறுமை வேண்டும்.

கேள்வி: அப்போ தகட்டை எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: கண்ணாடியில் போட்டோரெசிஸ்ட் என்னும், ஒளி பட்டால் தன்மை மாறும் பூச்சைப் பூசி, ஒளியால் குட்டித் தூண்களாகச் செதுக்கிச் சூடாக்குவார்கள். தூண்கள் உருகி, பரப்பு இழுவிசையால் வழவழப்பான குமிழ்களாகிவிடும். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி இது. அப்புறம் சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்து, பிசினில் வார்க்கலாம். ஓர் அச்சு, பல தகடுகள். விலை குறைவது அங்கேதான்.

கேள்வி: வார்க்கும்போது காற்றுக்குமிழி சிக்குகிறதே, சார்?

பதில்: கலந்ததும் வெற்றிடக் கலத்தில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். அப்படியும் ஒரு லென்ஸ் கெட்டால் தகட்டை வீசாதீர்கள். ஸ்லைடை இன்னும் ஒரு லென்ஸ் தூரம் நகர்த்தினால், விட்டுப்போன இடத்தைப் பக்கத்து லென்ஸ் பார்த்துக்கொள்ளும்.