சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டில் இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பு ஒயரையும் ஒன்றாக முறுக்கலாமா? வால்யூமை எப்படி இணைப்பது?

முறுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது 5 வோல்ட்டில் ஓடும் பிஏஎம் 8403 போர்டாகத்தான் இருக்கும். இப்போது எல்லோர் கையிலும் அதுதான்.

குடியாத்தத்தில் எங்கள் நைனா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் கை பழகியது எல்ஏ 4440 ஐசி. ஸ்டீரியோவாகக் கட்டினால் அதில் ஸ்பீக்கரின் ஒரு முனை கண்டன்சர் வழியாக வரும், மறுமுனை எர்த்துக்கு, அதாவது சப்ளையின் மைனஸுக்குப் போகும். அதனால் "கறுப்பெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளை" என்பார்.

ஒரு வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு, எங்கள் தெரு நீர்மோர்ப் பந்தலில் பாட்டுப் போட இந்தப் போர்டை வாங்கினேன். நைனா சொன்னபடி இரண்டு கறுப்பையும் முறுக்கி எர்த்தில் பற்றவைத்தேன். கரகரத்தது, தொட்டால் ஐசி சுட்டது, பிறகு சத்தமே இல்லை. போர்டுதான் மட்டம் என்று திட்டிவிட்டு, இரண்டாவதையும் அதே மாதிரி கட்டிக் கொன்றேன். அன்று பந்தலில் மோர் மட்டும்தான்.

மூன்றாவதில் முதலில் மீட்டர் பிடித்தேன். பாட்டே ஓடாதபோதும் எர்த்துக்கும் ஸ்பீக்கரின் மைனஸ் முனைக்கும் இடையே ஏறக்குறைய 2.5 வோல்ட்! பிளஸ், மைனஸ் இரண்டையுமே ஐசிதான் ஓட்டுகிறது. மைனஸை எர்த்தில் கட்டினால் ஷார்ட். ஆகவே நான்கு ஒயரும் தனித்தனியே போக வேண்டும். ‘அதில் ஷார்ட் பாதுகாப்பு உண்டே’ என்று இங்கே யாராவது வருவார்கள். தயாரிப்பாளர் குறிப்பில் உண்டு, நானும் படித்தேன். என் இரண்டு போர்டுகள் படிக்கவில்லை.

வால்யூமுக்கு இரட்டை அடுக்கு 10கே (10 கிலோ ஓம்) பொட்டென்ஷியோமீட்டர், அதாவது வால்யூம் திருகும் கன்ட்ரோல், போதும். ஒரு ஸ்பீக்கருக்கு ஓர் அடுக்கு, ஒவ்வோர் அடுக்குக்கும் மூன்று கால். தண்டு உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடியுங்கள். இடது கால் எர்த். வலது கால் போனிலிருந்து வரும் ஒயர். நடுக்கால் போர்டின் இன்புட். ‘ஏ10கே’ என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ‘பி’யை நீட்டுவார், அது லீனியர், கொஞ்சம் திருப்பியதுமே அலறும். ஸ்பீக்கர் 4 ஓமுக்குக் குறையக் கூடாது.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நைனா கடையை மூடியதற்கு இந்தச் சீனப் போர்டுகள் காரணமல்ல. ‘ஒரு ஒயர்தானே’ என்று செட்டைத் தூக்கிக்கொண்டு போன சொந்தக்காரர்கள்தான் காரணம். ஐசி விலையைக் கொடுப்பார்கள், வேலைக்கூலி என்றால் முகம் சுருங்கும். இன்று என்னிடமும் அவர்களேதான் வருகிறார்கள்.

அந்த 2.5 வோல்ட்டை நைனாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"மீட்டரில் பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்று" என்றார்.