நூலகரைக் கேளுங்கள்: பதிவேட்டில் இல்லாத வாசகர்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணியாற்றும் நூலகர்களும் நூலகவியல் மாணவர்களும் எழுதியவை. நூலகத்துக்கு வராதவர்களை எப்படி வரவழைப்பது, ஊர்ப் பொதுக்காரியங்களில் நூலகர் எந்த அளவுக்கு இறங்கலாம் என்ற இரண்டு கேள்விகளையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஊர்ப்புற நூலகராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அருகிலேயே லம்பாடி மக்களின் குடியிருப்பான தாண்டாவும் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரின் குடியிருப்பும் இருந்தும், அங்கிருந்து யாரும் நூலகத்துக்கு வருவதில்லை. அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்கிறார்கள் ஊரார். நான் என்ன செய்யலாம்?
(ஊர்ப்புற நூலகர், அரூர் வட்டம்)

பதில்: ஊரார் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 68.5 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே கடைசி இடம். இதற்கு நாட்டமின்மையைக் காரணம் சொல்வது எளிது. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு வெளியூர் போய்விடும் மாதங்களை யார் கணக்கில் வைக்கிறார்கள்? லம்பாடிக் குழந்தை வீட்டில் பேசுவது ஒரு மொழி, பள்ளியில் கேட்பது வேறு மொழி. வீட்டு மொழிக்கோ தனக்கென்று வழிவழியாக வந்த எழுத்தும் கிடையாது. புத்தகம் என்றாலே பிறருடைய மொழியில் இருப்பது என்று அக்குழந்தை நினைத்தால் அது வியப்பில்லை.

முதலில் உங்கள் வாசலைப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த கிளை நூலகத்தில், வருகைப் பதிவேட்டை வாசலை ஒட்டிய சிறு மேசையில், சணலில் கட்டிய பேனாவோடு வைத்திருந்தோம். ஒருநாள் பிற்பகல் மகளைக் கையில் பிடித்தபடி வந்த ஓர் அம்மாள், பதிவேட்டைப் பார்த்ததும் சிறுமியை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் போய் அழைத்தபோது, “எனக்குக் கையெழுத்துப் போட வராதுங்க” என்றார். அந்த மேசையை நாங்கள் யாரும் தடுப்பாக நினைத்ததே இல்லை. மறுநாள் பதிவேட்டை என் மேசைக்கு மாற்றி, கேட்பவர்களுக்குப் பெயரை நானே எழுதத் தொடங்கினேன். அந்த அம்மாள் பிறகு பலமுறை வந்தார். படம் நிறைந்த வார இதழ்களை மகள் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்து, நீங்கள் அங்கே போக வேண்டும். 1931ஆம் ஆண்டில் மன்னார்குடி அருகே மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். உங்களுக்கு இருசக்கர வண்டியும் ஒரு துணிப்பையும் போதும். மேலலுவலரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, இருபது படக்கதை நூல்களோடு மாதம் இரு முறை மாலையில் தாண்டாவுக்குப் போங்கள். வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரமாக இருக்கட்டும். போன உடனே உறுப்பினர் படிவத்தை நீட்டாதீர்கள். பாட்டிமார் பாடும் பாட்டையும் சொல்லும் கதையையும் பிள்ளைகளைக் கொண்டே தமிழ் எழுத்தில் எழுதவைத்து, அவர்கள் சம்மதித்தால் அந்த நோட்டுக்கு ஓர் அட்டை போட்டு நூலக அடுக்கில் வையுங்கள். தன் பாட்டியின் பாட்டு அடுக்கில் இருப்பதைப் பார்க்க வரும் பிள்ளை பக்கத்து நூலையும் எடுத்துப் புரட்டும். ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்’ என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் தம் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டபோது சொன்ன இரண்டாம் விதிக்கு நம் பக்கத்தில் இதுவே பொருள் என்று நான் கருதுகிறேன்.

ஊராரிடம் சொல்ல ஒரு செய்தியும் உண்டு. வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி வசூலிக்கப்படுகிறது. தாண்டாவில் வரி கட்டும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் உங்கள் நூலகத்துக்குப் பணம் கொடுத்தவர்தான்.

கேள்வி: எங்கள் நூலகத்துக்கு வருபவர்களில் தெலுங்கு, கன்னடம், உருது பேசுபவர்கள் பலர், தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வட மாநில இளைஞர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டிப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு நூலகத்தில் பிறமொழி நூல் கேட்பது முறையா?
(நூலகர், ஒசூர்)

பதில்: முறைதான். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டபோது தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசும் மாவட்டங்கள் இம்மாகாணத்துக்குள்ளேயே இருந்தன. பன்மொழி வாசகரை முன்னால் வைத்துப் பிறந்த சட்டத்தின் கீழ் நடக்கும் நூலகத்தில், தேன்கனிக்கோட்டைக் கன்னட வாசகர் ஒரு கன்னட நாவல் கேட்பதில் புதுமை எதுவும் இல்லை.

ஆனால் வாயால் கேட்டால் நடக்காது. வாசகர் பரிந்துரைப் பதிவேட்டில் அவரவர் மொழியிலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து, எத்தனை பேர் எந்த மொழியில் கேட்டார்கள் என்ற கணக்கோடு மாவட்ட மைய நூலகத்துக்குக் குறிப்பு அனுப்புங்கள். எண்ணிக்கையோடு போகும் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது கடினம். அதுவரை வாசகர் வட்டம் வழியாக நன்கொடை நூல்கள் திரட்டலாம். பெங்களூரு உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே. வட மாநில இளைஞர்களுக்கு நூலைவிட முதலில் தேவைப்படுவது பேருந்துப் பலகையையும் மருந்துச் சீட்டையும் படிக்கும் அளவுக்குத் தமிழ். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் கொடுத்தால் வாசிப்பறையின் ஒரு மூலையே வகுப்பறை ஆகிவிடும்.

கேள்வி: அரசு ஊழியராகிய நான் கிராம சபை, வாக்காளர் பதிவு போன்றவற்றில் ஈடுபட்டால் அரசியல் செய்கிறேன் என்ற பேச்சு வருமோ?
(பெயர் வெளியிட விரும்பாதவர், பென்னாகரம்)

பதில்: கட்சிக்கு வேலை செய்வது வேறு, குடிமக்களுக்குத் தகவல் தருவது வேறு. முன்னதைத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. பின்னது நூலகரின் அன்றாட வேலை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கிராம சபை நாள்களையும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. வாக்காளராகப் பதிய 18 வயது நிறைந்ததா என்று ஜனவரி 1 என்ற ஒரு நாளை மட்டும் வைத்துப் பார்த்த காலம் போய், இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளும் கணக்கில் வருகிறது. இது தெரியாமல் ஓராண்டு காத்திருக்கும் இளைஞர்கள் உங்கள் வாசிப்பறையிலேயே போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ நிரப்ப உதவுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதுவது எப்படி என்று ஒரு மாதிரியை ஒட்டிவையுங்கள். எந்தக் கட்சியின் துண்டறிக்கையையும் மேசையில் விடாதீர்கள். ஒரு கட்சிக்கு இடம் கொடுத்துவிட்டு மற்றொன்றுக்கு மறுக்க முடியாது. கிராம சபையில் நூலகத்துக்குக் கட்டடம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவர வாசகர் வட்டத்தினர் முன்வந்தால், அவர்கள் பேசட்டும். நீங்கள் கணக்கு விவரத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள்.

கேள்வி: பார்வையற்ற மாணவர் ஒருவர் தேர்வு நூல்கள் கேட்கிறார். எங்களிடம் பிரெய்ல் நூல் ஒன்றுகூட இல்லை.
(கிளை நூலகர், காவேரிப்பட்டணம்)

பதில்: இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றிக் கொடுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. இதே நோக்கமுடைய மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஒப்புதல் அளித்த நாடும் இந்தியாதான். சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அந்த மாணவரைப் பதிவு செய்ய உதவுங்கள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பிரிவுக்கும் எழுதிக் கேளுங்கள். அதற்கிடையில் உரக்க வாசிக்க இரண்டு கல்லூரி மாணவர்களைப் பிடித்துவிட்டால் இந்த வாரமே அவர் படிப்பைத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: நூலகவியல் முதுகலை படிக்கிறேன். பல்வகைச் சமூகங்களுக்கான நூலகப் பணியில் ஈடுபட எனக்கு என்ன வாய்ப்புகள் உள்ளன? வெளிநாட்டு உதவித்தொகை கிடைக்குமா?
(மாணவி, கிருஷ்ணகிரி)

பதில்: உதவித்தொகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இத்துறையில் பலரும் குறிப்பிடும் ஸ்பெக்ட்ரம் உதவித்தொகைத் திட்டத்தை அமெரிக்க நூலகச் சங்கம் 1997இல் தொடங்கியது. அங்கே நூலகப் பணியில் போதிய இடம் பெறாத இனத்தவருக்கானது அது; அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களே விண்ணப்பிக்கலாம். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு, யுனெஸ்கோவோடு சேர்ந்து வெளியிட்ட பன்முகப் பண்பாட்டு நூலக அறிக்கையைப் படித்துவிடுங்கள். சில பக்கங்கள்தான், ஆய்வேட்டுக்கும் பயன்படும். நம் பக்கத்தில் 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கமும், நூலகங்களுக்கு நிதி வழங்கக் கொல்கத்தாவில் 1972இல் அமைக்கப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை.

இவற்றைவிட உடனே கைக்கு எட்டுவது ஒன்று உண்டு. முதியோர், நோயுற்றோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வீட்டுக்கே நூல் கொண்டுபோகும் நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலராகச் சேரக் கிளை நூலகத்தில் கேளுங்கள். ஆறு மாதம் ஒரே தெருவில் நடந்து, யார் எந்த நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொன்னார் என்று தேதியோடு குறித்துவையுங்கள். உங்கள் ஆய்வேட்டுக்கான தலைப்பை ஆசிரியரிடம் கேட்பதற்கு முன் அந்தக் குறிப்பேட்டை அவரிடம் காட்டுங்கள்.