முதியோர் ஓய்வூதியம் எவ்வளவு இருந்தால் போதும்?

ஒருவர் யாரிடமும் கையேந்தாமல் மாதத்தின் அரிசி, பருப்பு, மருந்துச் செலவைச் சமாளிக்க முடிய வேண்டும். என் அளவுகோல் இதுதான்.

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 2007-இல் தொடங்கியபோது மாதம் 200 ரூபாய். 60 முதல் 79 வயதினருக்கு மத்திய அரசின் பங்கு இன்றும் அதே 200 ரூபாய்தான். 80 வயது நிறைந்தால் 500. மீதியை மாநிலங்கள் தங்கள் வசதிக்கேற்பச் சேர்க்கின்றன. தமிழ்நாடு 2011-இல் 1,000 ரூபாயாக உயர்த்தியது. அது 1,200 ஆனது 2023-இல். அந்த 12 ஆண்டுகளில் விலைவாசி ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. ஆக, தொகை கூடியும் மூதாட்டியின் கையில் வந்தது முன்பைவிடக் குறைவு!

எனவே தொகையைவிட, அது எப்படி உயர்கிறது என்பதே எனக்கு முக்கியம். பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்கிறது. செலவு ஏறிக்கொண்டே போகிறது என்ற விமர்சனம் அங்கே உண்டு, அது நியாயமானதே. ஆனால் விலைவாசியோடு மட்டுமாவது இணைக்கலாமே? நம் அரசு ஊழியர்களின் அகவிலைப்படி அப்படித்தானே உயர்கிறது?