மகன் கேட்பது 70,000 ரூபாய் வயலின், அதுவும் கம்ப்யூட்டருக்குள்

அம்மா, சனிக்கிழமை உங்கள் மகனின் படிப்பு, வேலை பற்றிக் கேட்க நீங்களும் தம்பியும் என்னிடம் வந்துவிட்டுப் போனபிறகு, சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன். பெங்களூரில் அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் இதே கவலையோடு இன்னும் சில வீடுகள் இருப்பதால், மற்றவர்களும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. செகண்ட் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிற பையன், நிஜ வாத்தியங்களின் பதிவுகளை வைத்துக் கம்ப்யூட்டரிலேயே வாசிக்கவைக்கும் ஆர்கெஸ்ட்ரா சாஃப்ட்வேர் வாங்க 70,000 ரூபாய் கேட்கிறானே, கொடுக்கலாமா? அப்புறம், இந்த மாதிரி சாஃப்ட்வேர் செய்வதுதான் தன் வேலை என்கிறானே, அது சோறு போடுமா? முதல் கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம். இரண்டாவதற்கு, போடும். ஆனால் அவன் நினைக்கிற வாசல் வழியாக இல்லை.

என் அறையில் அவன் லேப்டாப்பைத் திறந்து ஒரே வயலின் ஸ்வரத்தை எட்டு முறை தட்டிக் காட்டினான், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் உடனே, "என்னடா இது, தையல் மெஷின் ஓடுற மாதிரி இருக்கு" என்றீர்கள். அவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் துறையில் அந்தக் குறைக்கு ஒரு பெயரே உண்டு, மெஷின் கன் எஃபெக்ட் என்பார்கள். ஒரே பதிவை அப்படியே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் காது கண்டுபிடித்துவிடும். நிஜமான வயலின்காரர் வில்லை எட்டு முறை இழுத்தால் எட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். அதனால் ஒரே ஸ்வரத்தை மூன்று நான்கு முறை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, சாஃப்ட்வேர் அவற்றை மாற்றி மாற்றி எடுக்கும்படி வைப்பார்கள். ரவுண்ட் ராபின் என்பது அதுதான். நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்தோடு இருக்கும் உங்கள் காது அதை மூன்று நொடியில் பிடித்துவிட்டது. தம்பிக்கு இன்னும் அந்தக் காது வரவில்லை.

விலை ஏன் இவ்வளவு என்று கேட்டீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயலினுக்கு 40 ஸ்வரம் என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் மெல்ல, நடுத்தரமாக, பலமாக, முழு பலத்தோடு என்று 4 அளவில் வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றும் 3 முறை. ஆக 480 பதிவு. ஒன்றுக்கு 10 நொடி என்றால் 80 நிமிடம். ஸ்டூடியோத் தரமான 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் அது சுமார் 1.4 ஜிபி. இதெல்லாம் ஒரே மைக்குக்கு, வில்லை நீட்டி இழுக்கும் ஒரே ஒரு வாசிப்புக்கு மட்டும். வெட்டி வெட்டி வாசிக்கும் ஸ்டக்காட்டோ, விரலால் சுண்டும் பிட்சிகாட்டோ எல்லாம் தனித்தனி. லெகாட்டோதான் ஆளைக் கொல்லும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வில்லை எடுக்காமல் போகிற அந்த நழுவலையும் பதிவு செய்ய வேண்டும். மேலே ஒரு ஆக்டேவ் (12 அரைச் சுரம்), கீழே ஒரு ஆக்டேவ் என்று போனால், அதே 40 ஸ்வரத்துக்கு 800 நழுவலைத் தாண்டும். நல்ல கலைஞர்கள், நல்ல ஹால், பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவர்களின் சம்பளம். ஏமாற்று விலை இல்லை.

ஆனால் அவனுக்கு அது இப்போது தேவையும் இல்லை. இப்படிப் பதிவு செய்த ஒலித் தொகுப்பை லைப்ரரி என்பார்கள். ஸ்பிட்ஃபயர் ஆடியோ என்ற கம்பெனி, பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவில் பதிவு செய்து 2019-ல் வெளியிட்ட லைப்ரரியின் பெரிய பதிப்பு சுமார் 600 ஜிபி. அதே லைப்ரரியின் குட்டிப் பதிப்பான டிஸ்கவர் சுமார் 200 எம்பிதான், காசில்லாமலே கிடைக்கிறது. இசைக்குறிப்பு எழுதுகிற மியூஸ்ஸ்கோர் இலவசம், அதோடு வருகிற மியூஸ் சவுண்ட்ஸ் ஆர்கெஸ்ட்ராவும் இலவசம். 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் பெரிய லைப்ரரியை ஏற்றினால் அது மூச்சு முட்டி நின்றுவிடும். கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு எஸ்எஸ்டி டிஸ்க்கும் கொஞ்சம் ரேமும் வாங்கிப் போடுகிற செலவு அவனுக்கு அதைவிட உதவும்.

பிறகு எப்போதாவது வாங்குகிற நாள் வந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல லைப்ரரிகள் கான்டாக்ட் என்ற சாஃப்ட்வேருக்குள்தான் ஓடும். அதில் பிளேயர் என்ற இலவச வகையும் உண்டு, காசு கொடுத்து வாங்கும் முழு வகையும் உண்டு. முழு வகை தேவைப்படுகிற லைப்ரரியை வாங்கிவிட்டு இலவசப் பிளேயரில் திறந்தால் 15 நிமிடத்தில் ஒலி நின்றுவிடும். லைப்ரரி விலையைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, கான்டாக்ட்டுக்கு மறுபடி அப்பாவிடம் போய் நின்ற பையன்களைப் பார்த்திருக்கிறேன். மாணவர்களுக்குத் தனித் தள்ளுபடி தருகிற கம்பெனிகளும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். நண்பன் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி தருகிறான் என்றானே, அது வேண்டாம். நாளைக்கு இதே தொழிலில் வேலை கேட்டுப் போகிறவன் அவர்கள் சரக்கைத் திருடி வைத்திருந்தால் எந்த முகத்தோடு போவான்? இன்னொன்று, காசு கொடுத்தே வாங்கினாலும் அந்த ஒலிகளை வைத்துப் பாட்டு போடலாமே தவிர, அவற்றை எடுத்து இன்னொரு லைப்ரரி செய்ய உரிமம் பொதுவாக அனுமதிக்காது.

சரி, வேலைக்கு வருவோம். ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி செய்கிற பெயர்பெற்ற கம்பெனிகள் வியன்னா, லண்டன், பெர்லின், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம். பெங்களூரில் அந்த போர்டு மாட்டிய ஆபீஸை நான் பார்த்ததில்லை. அதை மட்டும் நம்பி ஒரு படிப்பைத் தேர்ந்தெடுப்பது சூதாட்டம். ஆனால் அந்த சாஃப்ட்வேருக்குள் நடக்கிற வேலையைப் பார்த்தால் கதை வேறு. 600 ஜிபியையும் ரேமில் ஏற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, விசையை அழுத்தியதும் மீதியை டிஸ்க்கிலிருந்து இழுப்பார்கள். 1998-ல் வந்த கிகாசாம்ப்ளர் என்ற சாஃப்ட்வேர் இந்த வழியில்தான் பெயர் வாங்கியது. ஒலிக் கணக்கு நடக்கிற இடத்தில், உதாரணத்துக்கு, 256 சாம்பிளுக்கு (சாம்பிள் என்பது ஒலியின் ஒரு நுண் அளவீடு) ஒருமுறை விடை கொடுத்தாக வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில், அது வெறும் 5.3 மில்லிசெகண்ட். நூறு ஸ்வரம் ஒன்றாக ஒலித்தாலும் அதே கெடு. ஒரே ஒருமுறை தவறினால் காதில் 'டப்' என்று கேட்கும். இப்படி எழுதப் பழகியவனுக்குக் கார் ஆடியோ, போன், ஹெட்செட், காது கேட்கும் கருவி எல்லாமே சொந்த ஊர் மாதிரி. ஹார்மன், டால்பி, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மூன்றுக்கும் இந்த ஊரில் ஆபீஸ் இருக்கிறது. நான் சொன்ன வாசல் இதுதான்.

அவ்வளவு ஏன், பாட்டு வகுப்புக்குப் போகிற வீடுகளில் இருக்குமே ராடெல் மின்னணுத் தம்புரா, அது பெங்களூர்ச் சரக்கு. அதைச் செய்த ராஜ் நாராயண் இன்ஜினியர், புல்லாங்குழலும் வாசிப்பவர்.

எனவே கேசிஇடி, கொமெட்கே என்ற இரண்டு இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்தால் நல்லது, ஒலி போன்ற சிக்னல்களைக் கணக்கால் கையாளும் சிக்னல் பிராசசிங் பாடமாகவே வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தாலும் பரவாயில்லை, சி++ என்ற நிரல்மொழி கைக்கு வரட்டும். சிக்னல் பிராசசிங்கை ஐஐடிகளின் ஆன்லைன் பாடங்கள் இருக்கும் என்பிடெல்லில் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் துறையில் பிளகின், அதாவது இசை சாஃப்ட்வேருக்குள் செருகி ஓட்டும் நிரல், எழுதப் பலரும் எடுக்கிற ஜூஸ் என்ற சி++ கட்டமைப்பை முதல் வருடமே தொட்டுப் பார்க்கட்டும். மேற்படிப்புக்கு பார்சிலோனாவில் பொம்பேயு ஃபாப்ரா, லண்டனில் குவீன் மேரி, அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் என்று இடங்கள் உண்டு. அது நான்கு வருடம் கழித்து வரும் பேச்சு. சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமோ பற்றியும் கேட்டீர்கள். சில வருடம் முன்பு பாடத்திட்டத்தைச் சரியாகப் படிக்காமல் ஒரு பையனை நானே அப்படி ஒன்றில் சேர்த்துவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் மேடைக் கச்சேரி மிக்ஸிங். அவன் கேட்டது நிரல் எழுத. ஒரு வருடம் போனது போனதுதான்.

இப்போது தம்பிக்கு ஒரு வேலை. தசரா லீவில் செய்யட்டும். அவன் சொந்த வயலினில் இரண்டு ஆக்டேவுக்குள் மூன்று அரைச் சுரத்துக்கு ஒன்றாக 9 ஸ்வரம், 3 பலத்தில், 3 முறை. மொத்தம் 81 பதிவு. விட்டுப்போன ஸ்வரங்களைப் பக்கத்திலிருந்து சாஃப்ட்வேரே ஏற்றி இறக்கிக்கொள்ளும். பதிவுகளை விசைகளில் வாசிக்கவைக்கும் சாஃப்ட்வேர் டீசென்ட் சாம்ப்ளர் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது, அதில் கோத்துவிடலாம். ஃபேனை அணைக்கச் சொல்லுங்கள். ஒரு பதிவில் கேட்காத ஃபேன் இரைச்சல், நான்கு ஸ்வரம் ஒன்றாக ஒலித்தால் 6 டெசிபல் ஏறி நிற்கும். ஒவ்வொரு பதிவின் தலையிலும் இருக்கிற மௌனத்தை நறுக்க வேண்டும், 40 மில்லிசெகண்ட் விட்டுவைத்தால்கூட விசையை அழுத்தியபின் ஸ்வரம் தாமதமாக வருவது விரலுக்குத் தெரியும்.

நீங்கள் அவன் உட்கார்ந்திருக்கிற விதத்தை மட்டும் பாருங்கள். முப்பது பதிவை நறுக்கியதும் அலுத்துப்போய் அரைகுறையை வைத்து மெட்டு போட ஆரம்பித்துவிட்டானா? அவன் இசையமைக்கப் பிறந்தவன், சாஃப்ட்வேர் அவனுக்குக் கருவி மட்டும். படிப்பைப் பற்றி நாம் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும். 81-ஐயும் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பொறுமையாக நறுக்கினானா? ஒலிப்பதிவு வேலைக்கு அதுதான் முதல் தகுதி. பத்தை நறுக்கியதும் "இதை ஏன் கையால் செய்யணும்?" என்று எரிச்சலாகி, மௌனத்தைக் கண்டுபிடித்து வெட்ட ஒரு பைத்தான் நிரல் எழுதினானா? அப்படியானால் இசிஇ கவுன்சலிங்குக்கு நானே கூட வருகிறேன்.

முடித்ததும் இரண்டு பேரும் வாருங்கள். பழைய மாதிரி எட்டு முறை தட்டச் சொல்லி, நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை அவன் பதிவு செய்கிற நேரத்தில் மட்டும் உங்கள் மெஷினைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள்.